நடு அசையில் விழுந்த பாரம்

சங்குமுனை மாதா கோயிலின் மணி ஸ்பானிய மொழியில் பேசத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆண்களும் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த பெண்களும் தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தார்கள், மணியின் நாக்கில் குளவி கூடு கட்டியிருக்கும் போல என்று சொல்லிக்கொண்டார்கள், மறுபடியும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

அந்த மணி ஊருக்கு வந்தே அதிக காலம் ஆகவில்லை. பழைய மணி விரிசல் கண்டு, தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில், தனிஸ்லாஸின் வலையில் பாசியும் சிப்பியும் அப்பியபடி இது ஏறி வந்தது. எந்தக் கப்பலில் தொங்கியது, எந்தப் புயலில் மூழ்கியது என்று யாரும் கேட்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதற்கு ஒரு மாலை போட்டுக் கோபுரத்தில் ஏற்றிக் கட்டினார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அது மற்ற ஊர் மணிகளைப் போலத்தான் அடித்தது. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை உபதேசியார் சலேத்து திரிகால ஜெபத்துக்குக் கயிற்றை இழுத்தபோது, அது முதல் அடிக்கு "அ" என்றது, இரண்டாம் அடிக்கு "ம" என்றது, மூன்றாம் அடிக்கு உடம்பின் முழு எடையையும் ஒரே காலில் ஊன்றியவனைப் போல "நே" என்றது, கடைசியாக மூச்சுவிடுகிற பதத்தில் "செ" என்று சொல்லி ஓய்ந்தது. நான்காவது அடியைத் தான் இழுக்கவே இல்லை என்றும், கயிறுதான் தன் கையை இழுத்துக்கொண்டு போனது என்றும் சலேத்து பிற்பாடு சொன்னார்.

அந்தச் சத்தம் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்ட ஒரே ஆள் தனிஸ்லாஸின் அக்கா அமலோற்பவம்.

அவள் ஸ்பெயின் தேசத்தின் மேற்குக் கரையில், நம் ஊரைப் போலவே மீன்வாடை அடிக்கிற ஒரு பட்டணத்தில், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். தாய் படுக்கையில் விழுந்தாள் என்று தகவல் போனதும் திரும்பி வந்தாள். தாய் போனபிறகும் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை, அதிகம் பேசுவதும் இல்லை. ஊர் அவளை ஸ்பெயின்காரி என்றது. அதில் கேலி பாதி, என்ன செய்வது இவளை என்கிற குழப்பம் பாதி. அந்த இல்லத்தில் தினமும் காலையில் அவள் ஜன்னல் திரையை விலக்கும்போது, கண் மங்கிப்போன ஒரு கிழட்டு மாலுமி வெளிச்சத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு இதே சொல்லைத்தான் சொல்வார். விடிகிறது. அ-ம-நே-செ.

அந்த மொழியின் வினைச்சொற்கள் மேல் அவளுக்கு ஒரு பிரியமும் இருந்தது, ஒரு பயமும் இருந்தது. போன புதிதில் அந்த மாலுமி தன் மகனை எதிர்பார்த்து வாசல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மகன் வந்து இறங்கியதும் இவள் ஓடிப்போய், அவன் வந்துவிட்டான் என்று சொல்ல நினைத்து "யே-கொ" என்றாள். சொல்லை அழுத்திச் சொல்கிற பாரம் முதல் அசையில் விழுந்துவிட்டது. யெ-கோ என்று கடைசியில் விழுந்திருந்தால் 'அவன் வந்துசேர்ந்தான்' என்று அர்த்தம். முதலில் விழுந்தால் 'நான் வந்துசேர்கிறேன்'. கிழவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, நீயும் வந்தது நல்லது பெண்ணே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எழுத்து மாறவில்லை, ஒரு சத்தம்கூடக் கூடவோ குறையவோ இல்லை. பாரம் ஒரு அசை தள்ளி விழுந்ததில் ஆளும் மாறிப்போனான், காலமும் மாறிப்போனது. அதற்குப் பிறகு அவள் எந்த வினைச்சொல்லையும் அசை அசையாகப் பிரித்து, கட்டில் கம்பியில் விரலால் தட்டி, பாரம் விழுகிற இடத்தைக் கண்டுபிடிக்காமல் வாயில் எடுத்ததில்லை.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேரே கோயிலுக்குப் போய், பங்குச்சாமியார் இஞ்ஞாசியிடம், மணி 'விடிகிறது' என்று சொல்லுகிறது என்றாள். சாமியார் கிழக்கே பார்த்தார். விடிந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே அவருக்கு அதில் மறுப்பு ஒன்றும் இருக்கவில்லை.

ஊர் அந்த மணியை ஏற்றுக்கொண்டதற்கு மழைதான் காரணம். ஒருநாள் வானம் பளிங்கு மாதிரி இருந்தபோது மணி "யொ-பெ-ரா" என்றது. பாரம் கடைசியில். மழை பெய்யும் என்று அமலோற்பவம் சொன்னாள். நம்பியவர்கள் கருவாட்டை அள்ளினார்கள், நம்பாதவர்கள் மத்தியானம் நனைந்த கருவாட்டைக் கோழிக்குப் போட்டார்கள். இன்னொரு நாள் "யொ-பியோ" என்றது. இரண்டே அடி, பாரம் கடைசியில். பெய்தது என்று அர்த்தம், இங்கே இல்லை, வேறெங்கோ என்றாள். சாயங்காலம் வடக்கே இருந்து வந்த மீன்வண்டிக்காரன் அங்கெல்லாம் ராத்திரியே கொட்டித் தீர்த்துவிட்டது என்றான். மூன்றாம் முறை "யொ-பீ-அ" என்றபோது மூன்று அடி கேட்டது. பெய்துகொண்டிருந்தது என்று அவள் சொல்ல, பெண்கள் விடவில்லை. முன்னே 'பியோ' ஒரே அடியில் போனதே, இப்போது மட்டும் 'பீ' தனி, 'அ' தனி என்று எப்படிப் பிரிந்தது என்று கேட்டார்கள்.

அமலோற்பவம் கருவாட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினாள். இகரமும் உகரமும் அந்த மொழியில் மெலிந்த உயிர்கள். பக்கத்தில் அகரமோ எகரமோ ஒகரமோ நின்றால், அதன் தோளில் தொற்றிக்கொண்டு இரண்டும் ஒரே அடியில் கடந்துபோகும். ஆனால் பாரம் அந்த மெலிந்ததின் தலையிலேயே வந்து விழுந்தால், அது தோளைவிட்டு இறங்கி, தனியாக நின்று, தனக்கென்று ஒரு அடியை வாங்கிக்கொள்ளும். மீன் ஏலம் கூறுகிற வியாகுலம், புருஷன் போனபின் ஏலக் களத்துக்கு வந்து ஆண்களுக்கு நடுவே குரல் எடுக்கப் பழகியவள், அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் கூறிய ஏலம் பக்கத்து ஊர்வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

ஆனால் பாரம் எங்கே விழுகிறது என்பதைக் காதால் பிடிப்பது முதலில் யாருக்கும் வரவில்லை. நம் காது குறிலையும் நெடிலையும் அளந்து பழகிய காது. பட்டுக்கும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும், எடைபோடத்தான் தெரியாது. கரையில் படகு ஏற்றும்போதுதான் அது அவர்களுக்குப் பிடிபட்டது. எல்லாரும் தோள் கொடுத்து ஐ-ல-சா என்கிறபோது, ஐ-யில் மூச்சு வாங்குகிறோம், ல-வில் காலை ஊன்றுகிறோம், சா-வில்தானே படகு நகர்கிறது, அதுதான் பாரம் என்று அமலோற்பவம் சொன்னாள். அவ்வளவுதான். அன்றையிலிருந்து சங்குமுனைக்காரர்கள் மணியைத் தோளால் கேட்டார்கள். மணி அடித்ததும் கரை நெடுக ஆண்களும் பெண்களும் தங்களையறியாமல் ஒரு தோளை முன்னால் தள்ளுவதையும், தள்ளிய அடி முதலா நடுவா கடைசியா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதையும் வெளியூர்க்காரர்கள் விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுச் சண்டையில்கூட, நீ சொன்னதில் பாரம் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாதா என்று பேசிக்கொள்கிற பழக்கம் வந்தது.

திருச்சபை மேலிடத்துக்குத் தகவல் போய், மணிகளைப் பற்றித் தெரிந்த ஒருவரை அனுப்பிவைத்தார்கள். அவர் ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, உலோகக் கலவையில் கோளாறு, இறக்கிவிட்டு நான் சொல்கிற பட்டறையில் புதிதாக வாங்குங்கள் என்றார். அவர் கடைசி படி இறங்குவதற்குள் மணி தானாகவே "மியேன்-தெ" என்றது. என்ன சொல்லுகிறது என்று அவரே கேட்டார். பொய் சொல்கிறார் என்று சொல்லுகிறது என்று அமலோற்பவம் உள்ளபடியே சொன்னாள். மனிதர் காப்பி குடிக்காமலே போய்விட்டார். 'மி'யும் 'யே'யும் சேர்ந்து ஒரே அடி என்பதைப் பெண்கள் அன்றைக்குத் தாங்களாகவே பிரித்துச் சொன்னார்கள். அமலோற்பவம் சிரித்ததை ஊர் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். ஸ்பெயின்காரி என்று கூப்பிட்டவர்கள் அதன்பின் அமலியக்கா என்று கூப்பிட்டார்கள்.

கார்த்திகையில் காற்று திரும்பியது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்த படகுகள் ஒவ்வொன்றாக அடித்துப் பிடித்துக்கொண்டு கரை வந்தன. தனிஸ்லாஸின் படகு மட்டும் வரவில்லை. அவனோடு சலேத்தின் மூத்த மகனும், வியாகுலத்தின் தம்பியும், இன்னும் சிலரும் இருந்தார்கள். அரசாங்கத்து ஹெலிகாப்டர் வந்து சுற்றிவிட்டுப் போனது. காற்று தணிகிறவரை யாரும் படகை இறக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். தணிந்தபிறகு தேடலாம் என்றும் சொன்னார்கள், அதைச் சொல்லும்போது கீழே பார்த்தார்கள்.

அந்த நாட்களில் மணி பேசவில்லை. சலேத்து காலையிலும் மத்தியானத்திலும் மாலையிலும் கயிற்றை இழுத்தார், அது எல்லா ஊர் மணியையும் போல டாண் டாண் என்று அடித்தது. ஊரை அதிகம் பயமுறுத்தியது அந்தச் சாதாரணச் சத்தம்தான். தனிஸ்லாஸின் மனைவி கித்தேரி, ஏழு மாத வயிற்றோடு, ஒவ்வொரு முறையும் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டு உள்ளே போவாள்.

பிறகு ஒரு காலையில், மணல் பறந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, மணி மூன்று அடி அடித்தது. யெ. க. ரன். காற்று அந்தச் சத்தத்தைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுபோனது. ஊரே கோயில் முற்றத்துக்கு ஓடி வந்தது. பாதிப்பேர் தோள் கடைசி அடியில் முன்னே போனதாகச் சொன்னார்கள், பாதிப்பேர் நடுவில் என்றார்கள். என்ன அர்த்தம் என்று தெரியாமலே இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போட்டார்கள்.

இஞ்ஞாசி சாமியார் அமலோற்பவத்தைக் கோயிலுக்குள் கூட்டிப்போய்த் தனியாகக் கேட்டார். அவள் சொன்னாள். கடைசியில் விழுந்தால் வந்துசேர்வார்கள். நடுவில் விழுந்தால் 'வந்துசேர்ந்தால்' என்று பாதியில் நிற்கும், அவ்வளவுதான். தனக்குக் கேட்டது நடுவில். சாமியார் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர், அந்த முற்றத்தில் நிற்கிற ஒவ்வொரு பெண்ணின் ஞானஸ்நானப் பெயரும் தெரிந்தவர். கடைசியில் விழுந்தது என்று சொல்லிவிட்டால் என்ன, கொஞ்ச நாளைக்காவது அவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், காற்று தணிகிறவரை பொறுத்திருப்பார்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். அமலோற்பவத்துக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஒரு அசை. எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். படகில் இருப்பது தன் கையில் சோறு வாங்கித் தின்று வளர்ந்த தம்பி. அவன் வருவான் என்று சொல்லத்தான் அவளுடைய வாயும் தவித்தது. ஆனால் வருவார்கள் என்று சொல்லிவிட்டால் ஊர் உட்கார்ந்து காத்திருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் வெளியே வந்தாள். முற்றம் அடங்கியது. கித்தேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"மதினி, பாரம் எங்க விழுந்துச்சு?"

"நடுவுல."

"கடைசியில விழுந்திருந்தா?"

"வந்துசேருவாக."

"நடுவுலன்னா?"

"வந்துசேர்ந்தா... அப்படின்னு நிக்குது. அது முழுப் பேச்சு இல்ல, கித்தேரி. அதுக்குப் பின்னால யாராவது எதாவது சொல்லணும்."

கித்தேரி கடலைப் பார்த்தாள். அழவில்லை. வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அப்ப ஏன் எல்லாரும் நிக்கிய? படகை இறக்குங்க."

அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் கரை இன்றுவரை பேசுகிறது. யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கும், நீரோட்டம் எங்கே திருப்பியிருக்கும் என்று வியாகுலமும் மூத்த ஆண்களும் மணலில் கோடு போட்டுப் பேசி முடிப்பதற்குள் டீசல் கேன்கள் வந்து இறங்கிவிட்டன, தண்ணீர்க் குடங்கள் வந்துவிட்டன. சலேத்து கோயில் சாவியைப் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டு வந்தார், தெற்கே இருக்கிற பாறைத் திட்டுகள் அவருக்குத்தான் அத்துப்படி. இஞ்ஞாசி சாமியார் அங்கியை இடுப்பில் சுருட்டிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியதைப் பார்த்து யாரும் தடுக்கவும் இல்லை, புகழவும் இல்லை. ஒரு துடுப்பை அவர் கையில் கொடுத்தார்கள். அலை படகுகளைத் திருப்பித் திருப்பிக் கரையில் வீசியது. பெண்களும் வந்து தோள் கொடுத்தார்கள். ஐ-ல-சா, ஐ-ல-சா என்று அந்தக் கடைசி அசையில் ஒரு ஊரின் பாரம் முழுவதும் விழ விழ, ஒவ்வொரு படகாக அலையைத் தாண்டிப் போனது. அமலோற்பவமும் தோள் கொடுத்தாள். அவளுடைய தோளில் படகு அழுத்திய தழும்பு பிறகு மாறவே இல்லை.

பிறகு காத்திருப்புதான். படகுகள் கண்ணிலிருந்து மறைந்ததும் அமலோற்பவத்துக்குச் சந்தேகம் வந்தது. நான் தப்பாகக் கேட்டிருந்தால்? கடைசியில் விழுந்ததைக் காற்று நடுவில் கொண்டுவந்து போட்டிருந்தால்? சும்மா இருந்தாலும் வரப்போகிறவர்களைத் தேடி ஊரின் எல்லா ஆண்களையும் அந்தக் கடலுக்கு அனுப்பிவிட்டேனோ? கோயில் படியில் உட்கார்ந்து, விரலால் கல்லில் தட்டித் தட்டிப் பார்த்தாள். யெ-கா-ரன். யெ-க-ரான். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினால் எது தான் கேட்டது என்பதே மறந்துவிடும்போல இருந்தது. கித்தேரி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய விரலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடிங்க மதினி. எனக்கும் நடுவுலதான் கேட்டுச்சு."

அன்றைக்கும் மறுநாளும் காற்று அடித்தது. அதற்கடுத்த நாள் முற்பகலில் வெயில் வந்தது. கடலைப் பார்க்க உயரம் வேண்டும் என்று அமலோற்பவம் கோபுரத்தில் ஏறினாள். தெற்கே புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் படகுகள் ஆயின. அவள் எண்ணினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். போனதைவிட ஒரு படகு கூடுதலாக இருந்தது. கடைசியில் வந்தது இயந்திரம் செத்து, சுக்கான் உடைந்து, கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. அதில் ஆட்கள் சாய்ந்தும் உட்கார்ந்தும் இருந்தார்கள். ஒருவன் படகின் முன்முனையில் அணியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நிற்கிற விதம் அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்பான்.

ஒரு பாறைத் திட்டில் படகை மாட்டவைத்து, மழைநீரைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்பதும், இன்னொரு நாள் போயிருந்தால் படகு பிளந்திருக்கும் என்பதும், இருட்டுகிற நேரத்தில் அலைச் சத்தத்துக்கு மேலாக சலேத்தின் குரல் மகன் பெயரைச் சொல்லிக் கேட்டது என்பதும் பிறகு தெரியவந்த விஷயங்கள். அப்போது அவளுக்குத் தெரிந்தது கரையில் தண்ணீருக்குள் ஓடுகிற பெண்கள், அவர்களுக்கு முன்னால், யார் பிடித்தும் நிற்காமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு போகிற கித்தேரி.

மணி அடிக்க வேண்டும் என்று தோன்றியது. சலேத்து படகில் இருந்தார், சாமியாரும் படகில் இருந்தார், கோயிலில் வேறு யாரும் இல்லை. அமலோற்பவம் இத்தனை காலம் மணியைக் கேட்டிருக்கிறாளே தவிர அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது தன்னை இழுக்கும் என்று காத்திருந்தாள். கயிறு இழுக்கவில்லை. மணி சும்மா தொங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அவள் கீழே பார்த்தாள். இழுபட்டு வந்த படகு இன்னும் அலையில் இருந்தது. இப்போது சொல்லக்கூடாது. இந்தச் சொல்லை ஒரு முழம் முன்னால் சொன்னாலும் அது பொய்யாகிவிடும். பற்களைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். அலை படகைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. ஆண்கள் குதித்துத் தோள் கொடுத்தார்கள். அடிக்கட்டை மணலில் உரசி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அவள் கயிற்றை மெதுவாக இழுத்தாள். யெ. பிறகு கால் தரையை விட்டு எழும்புகிற மாதிரி முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டாள். கா. மூன்றாவது அடிக்குக் கையில் பலம் இல்லை. குரல் உடைந்தவள் சொல்வதைப்போல அது லேசாக நடுங்கி வந்தது. ரொன். வந்துசேர்ந்தார்கள்.

கீழே, இடுப்பளவு தண்ணீரில், தனிஸ்லாஸின் உப்புக் காய்ந்த முகத்தைக் கித்தேரி இரண்டு கையிலும் பிடித்திருந்தாள். அவன் உதடு வெடித்திருந்தது. பேச முயன்று, இரண்டாம் முறைதான் சத்தம் வந்தது. மணி என்ன சொல்லுது என்று கேட்டான்.

கித்தேரி கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மணி சொல்லல. உங்க அக்கா சொல்லுதாக."